அத்தியாயம் 7: தருமபுரிப் பாதை – இசை வகுப்புக்காக மூன்று நாள் சைக்கிள் பயணம்

நிதி திரட்டும் சைக்கிள் பயணத்துக்கு ஆள் சேர்ந்ததும் எல்லாரும் வரைபடத்தைத்தான் முதலில் விரிப்பார்கள். எத்தனை கிலோமீட்டர், ராத்தங்கல் எங்கே, டீ-ஷர்ட் என்ன நிறம் என்று பேச்சு நீளும். வரைபடத்தை மடித்து வையுங்கள். முதலில் முடிவாக வேண்டியது ஒரே தொகைதான்: பிள்ளைகளுக்கு இசை சொல்லித்தரப் போகிறவருக்கு மாதம் எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு?

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. பயணத்தில் சேர்ந்த பணத்துக்கு வாத்தியங்கள் வாங்கி, பள்ளியில் ஒப்படைத்து, படம் எடுத்துக்கொண்டு திரும்புவதுதான் வழக்கம். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் கீபோர்டு உறை பிரிக்காமல் பீரோவில் இருக்கும், அதன் அடாப்டர் காணாமல் போயிருக்கும், ஆர்மோனியத்தின் துருத்தியை எலி கடித்திருக்கும். சாவி தலைமை ஆசிரியரிடம் இருக்கும், அவரும் மாறுதலில் போயிருப்பார். யாரையும் குறை சொல்வதற்கில்லை. சொல்லித்தர ஆள் இல்லாத இடத்தில் வாத்தியம் மரச்சாமான்தான்.

அரசுப் பள்ளிகளின் கதையும் ஆளில் வந்துதான் நிற்கிறது. 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி என்ற மூன்று பிரிவுகளில் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை அரசு நியமித்தது. வாரத்துக்கு மூன்று அரைநாள், தொடக்கத் தொகுப்பூதியம் 5,000 ரூபாய். இசை, தையல், கணினி எல்லாம் மூன்றாவது பிரிவுக்குள் அடக்கம். ஆகவே நீங்கள் தேர்ந்தெடுக்கும் பள்ளியில் இசைக்கென்று ஒருவர் இருக்கலாம், பெரும்பாலும் இருக்கமாட்டார்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். உள்ளூர்க் கலைஞர் ஒருவருக்கு வாரம் மூன்று அரைநாள் வகுப்புக்கு மாதம் 12,000 ரூபாய். பள்ளி நடக்கும் பத்து மாதத்துக்கு 1,20,000. மூன்று ஆண்டுக்கு 3,60,000. இரண்டு பள்ளிகள் என்றால் 7,20,000. வாத்தியங்களுக்கும், தோல் மாற்றுவதற்கும், ஆசிரியரின் பஸ் செலவுக்கும் 80,000 ஒதுக்கினால் 8 லட்சம். 40 பேர் மிதித்தால் தலைக்கு 20,000 ரூபாய் திரட்ட வேண்டும். இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வந்தால்தான் எத்தனை பேரைச் சேர்ப்பது, எவ்வளவு கேட்பது என்பது பிடிபடும். 20 பேர்தான் தேறுவார்கள் என்றால் ஒரு பள்ளியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆண்டைக் குறைக்காதீர்கள். ஓராண்டு மட்டும் கற்றுக்கொடுத்துவிட்டு விட்டுப்போவதற்கு, தொடங்காமலே இருந்துவிடலாம்.

எந்த இசை, யார் ஆசிரியர்

சென்னை, பெங்களூரிலிருந்து வருகிற குழுக்கள் கிட்டார், கீபோர்டு, வயலின் என்று யோசிப்பார்கள். தருமபுரி மாவட்டத்துக்கு என் பரிந்துரை வேறு. இங்கே பம்பையும் கைச்சிலம்பும் உயிரோடு இருக்கின்றன. இடுப்பில் கட்டும் இரட்டை முழவு பம்பை. உள்ளே பரல் போட்ட வளையம் கைச்சிலம்பு. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கிறது. அதற்கு மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணை, தாளம் வாசிக்கத் தெரிந்தவர்கள் ஊர்களில் இருக்கிறார்கள். பறையும் உண்டு. இந்த வாத்தியங்களைச் செய்கிறவரும் பழுது பார்க்கிறவரும் பஸ் தூரத்துக்குள் கிடைப்பார்கள். கிட்டார் கம்பி அறுந்தால் யாராவது சேலத்துக்குப் போக வேண்டும். பறையின் தோல் ஈரத்தில் தொய்ந்தால் பிள்ளைகளே நாலு வைக்கோலைக் கொளுத்தி, சட்டத்தைத் தீயிலிருந்து முழம் தள்ளிப் பிடித்து, சுற்றிச் சுற்றிக் காட்டி, விரலால் தட்டி ஒலி ஏறிவிட்டதா என்று பார்த்துக்கொள்வார்கள். அதுவும் பாடத்தில் சேர்த்திதான்.

ஆளைத் தேட சில நல்ல இடங்கள் உண்டு. மாவட்டக் கலை மன்றம் வயது வாரியாகக் கலை இளமணி, கலை வளர்மணி, கலைச் சுடர்மணி, கலை நன்மணி, கலை முதுமணி என்று விருது தருகிறது. நன்மணி 51 முதல் 65 வயது வரை உள்ளவர்களுக்கு, முதுமணி 66-உம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு. முந்தைய ஆண்டுகளின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். சேலத்திலுள்ள கலை பண்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகத்தை அணுகலாம். அடுத்தது நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்தவர்கள். இரண்டையும் விடச் சுலபமான வழி, ஊர் டீக்கடையில் "போன வருசம் உங்க ஊர்ப் பாரதத்துக்கு மத்தளம் யாருங்க?" என்று கேட்பது.

கலைஞரிடம் பேசும்போது சம்பளத்துக்கு முன்னால் காலண்டரைப் பேசுங்கள். பங்குனியில் தொடங்கி வைகாசி வரை கூத்துக்காரர்களுக்கு ராத்திரி வேலை. ஆடி மாதம் அம்மன் கோயில் திருவிழாக்கள், பம்பைக்காரரைப் பிடிக்கவே முடியாது. "மத்த நாள்ல எப்ப கூப்பிட்டாலும் வரேங்க சார், ஆடியில மட்டும் கேக்காதீங்க" என்பார். ஒத்துக்கொள்ளுங்கள். ஒரு திருவிழாவில் அவர் சம்பாதிப்பதை உங்கள் வகுப்பு ஈடுகட்டாது. மேலும், கோயில் வாசிப்பை விட்டுவிட்ட கலைஞர் சீக்கிரத்தில் கைப்பழக்கம் இழந்த ஆசிரியராகிவிடுவார். ஆடியில் வகுப்புக்கு விடுமுறை விட்டு, முடிந்தால் பிள்ளைகளை அவர் வாசிக்கும் இடத்துக்குப் பெற்றோரோடு அனுப்புங்கள்.

பறையைப் பாடமாக வைத்தால் இன்னொன்றையும் எதிர்பாருங்கள். "எங்க பையன் எதுக்கு அதை அடிக்கணும்?" என்று ஒரு பெற்றோர் கேட்பார். அது இசை பற்றிய கேள்வியல்ல, சாதி பற்றியது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் முன்கூட்டியே பேசி, வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் எல்லா வாத்தியமும் கற்பார்கள் என்று எழுதி வாங்கிவிடுவது நல்லது. காலனிப் பிள்ளைகளுக்குப் பறை, ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆர்மோனியம் என்று வகுப்பு தானாகப் பிரிந்துபோனதென்றால், உங்கள் பணம் எதற்குச் செலவாகிறது என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

சாஸ்திரிய இசை பக்கம் போக விரும்பும் பிள்ளைக்கு வழி அடைபடவில்லை. கிருஷ்ணகிரியிலும் சேலத்திலும் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றில் மூன்று ஆண்டுப் படிப்பு. 12 வயதானவர்கள் சேரலாம். உங்கள் வகுப்பில் கை தேர்ந்தவர்களை அங்கே கொண்டு சேர்ப்பதையும், 2022-23 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் நடந்துவரும் கலைத் திருவிழாவுக்குத் தயார்செய்வதையும் திட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

முன்னால் போனவர்கள்

பணம் திரட்ட ஊர் ஊராகப் போவது இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. சுப்பிரமணிய சிவா சிறையில் தொழுநோய் பிடித்து வெளியே வந்தபோது, ரயிலில் ஏறக்கூடாது என்று ஆங்கிலேய அரசு தடைபோட்டது. அவர் நடந்தும் மாட்டுவண்டியிலும் தமிழகமெங்கும் சுற்றி, பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்பப் பணம் சேர்த்தார். 1923-ல் சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். கோயில் எழும்புமுன்னே, 1925 ஜூலை 23 அன்று, சிவா அதே ஊரில் காலமானார். நம் பாதையின் முதல் நிறுத்தம் அவருடைய மணிமண்டபம். கெடு வைக்காமல் நிதி திரட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் அந்த இடம் சாட்சி.

சைக்கிள், பாட்டு, படிப்பு மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த இடம் புதுக்கோட்டை. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுத்தோடு சைக்கிளையும் கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு அந்த இயக்கத்தின் கொடியாகவே ஆனது. ஆவணப்பட ஆசை உள்ளவர்கள், பயணத்துக்கு ஒரு பாட்டு வேண்டும் என்று சென்னையில் ஸ்டூடியோ பிடிப்பதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்ளலாம். பாட்டை உங்கள் பம்பை ஆசிரியர் கட்டிக்கொடுப்பார்.

இலங்கையில் 2011-ல் தென்முனையான தேவேந்திர முனையிலிருந்து பருத்தித்துறை வரை 'ட்ரெய்ல்' என்ற நடைப்பயணம் நடந்தது. தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை கட்டுவதற்காக. 2016-ல் எதிர்த் திசையில் நடந்து காலியின் கராப்பிட்டிய மருத்துவமனைக்குத் திரட்டினார்கள். இதில் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு முறையும் கேட்டது ஒரே ஒரு கட்டடம். அமெரிக்காவில் பில்லி ஸ்டார் 1980-ல் 36 பேரோடு தொடங்கிய பான்-மாஸ் சேலஞ்ச் சைக்கிள் பயணத்தில், ஓட்டுநர்கள் திரட்டும் தொகை முழுவதும் டேனா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்துக்கே போகிறது; நடத்துகிற செலவு வேறு வழியில் வருகிறது. இந்த விதியை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பஸ், சாப்பாடு, டீ-ஷர்ட், டாடா ஏஸ் வாடகை எல்லாம் பதிவுக் கட்டணத்திலிருந்தும் விளம்பரதாரரிடமிருந்தும் வரட்டும். நன்கொடையில் கை வைக்க வேண்டாம்.

எப்போது

தை பிற்பாதியிலிருந்து மாசி முதல் வாரம் வரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, பொதுத்தேர்வு நெருங்கியிருக்காது, கூத்துப் பருவமும் தொடங்கியிருக்காது. ஒரே தொல்லை, தை கல்யாண மாதம். அரூரில் மண்டபம் கிடைக்க வேண்டுமானால் முகூர்த்த நாள்களைத் தவிர்த்து ஐப்பசியிலேயே சொல்லி வையுங்கள். ஆடிப்பெருக்கை ஒட்டி ஒகேனக்கல் பக்கம் போகவே போகாதீர்கள். கூட்டம் ஒருபுறம், கர்நாடக அணைகள் திறந்தால் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை வரும், ரோடும் போலீஸ் கையில் போய்விடும்.

பாதை

மொத்தம் ஏறத்தாழ 190 கிலோமீட்டர். பிரெவே என்னும் நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தில் கலந்துகொள்கிறவர்கள் 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. நாம் மூன்று நாள் எடுத்துக்கொள்கிறோம், ஏனென்றால் நிறுத்தங்கள்தான் இந்தப் பயணத்தின் வேலை.

முதல் நாள் தருமபுரியிலிருந்து பாப்பாரப்பட்டி, பென்னாகரம், ஒகேனக்கல். 55 கிலோமீட்டரை ஒட்டி வரும். காலை ஆறரைக்குக் கிளம்பி பாப்பாரப்பட்டியில் காலைச் சாப்பாடு, பென்னாகரத்தில் பள்ளி நிறுத்தம், மதிய வெயில் தணிந்ததும் இறக்கம். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் ஏறத்தாழ 16 கிலோமீட்டர். அதில் மலைப்பாதை காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்குகிறது. யானை நடமாட்டம் உள்ள காடு. நான்கரைக்குள் கடைசி ஆளும் கீழே இருக்க வேண்டும். உதவி வண்டியாக வரும் டாடா ஏஸை 'குட்டி யானை' என்று எல்லாரும் கூப்பிடுவது வழக்கம். இந்தக் காட்டுக்குள் வயர்லெஸ்ஸில் "குட்டி யானை பின்னால வருது" என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறக்கத்தில் ரிம் பிரேக் உள்ள சைக்கிள்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். முன்னும் பின்னும் மாற்றி மாற்றி, விட்டு விட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். பாதி வழியில் அகலமான ஒரு வளைவில் எல்லாரையும் நிறுத்தி, ஒவ்வொரு ரிம்மிலும் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொய்ங் என்றால் பத்து நிமிடம் நிழலில் நில்லுங்கள். விரலால் தொட்டுப் பார்க்கிற ஆள் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். முதலுதவிப் பெட்டியில் தீக்காய மருந்து இருக்கட்டும்.

இரண்டாம் நாள்தான் கடினம். இறங்கியதையெல்லாம் ஏற வேண்டும். விடிந்த பிறகே கிளம்புங்கள், விடியுமுன் காட்டுக்குள் வேண்டாம். ஏற முடியாதவர்கள் தள்ளிக்கொண்டு போகட்டும், அல்லது வண்டியில் ஏறிக்கொள்ளட்டும். அதில் ஒரு வெட்கமும் இல்லை, அவர்களுக்காகப் பணம் கொடுத்தவர்கள் திருப்பிக் கேட்கமாட்டார்கள். இண்டூர் வழியாகத் தருமபுரி, அங்கே மதியச் சாப்பாடும் ஓய்வும், பிறகு மொரப்பூர் வழியாக அரூர். 85 முதல் 90 கிலோமீட்டர். தருமபுரியில் வயதானவர்களையும் புதியவர்களையும் அன்றைக்கு நிறுத்திக்கொள்ள ஒரு ஏற்பாடு செய்துவிட்டால் மூன்றாம் நாள் முகங்கள் சிரிக்கும்.

மூன்றாம் நாள் அரூரிலிருந்து கோட்டப்பட்டி வழியாகச் சிட்லிங்கி. 50 கிலோமீட்டருக்குள். சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே கிடக்கும் பள்ளத்தாக்கு. மலையாளிப் பழங்குடியினரும் லம்பாடிகளும் வாழும் ஊர்கள். 1993-ல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா இருவரும் ஓலைக் குடிசையில் தொடங்கிய பழங்குடி நலவாழ்வு நிறுவனம் இன்று மருத்துவமனையாக நிற்கிறது. உங்கள் அவசர உதவிப் பட்டியலில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அரூர் அரசு மருத்துவமனை, இந்த மருத்துவமனை மூன்றும் இருக்க வேண்டும். பள்ளத்தாக்கில் 'துளிர்' கல்வி மையமும் இயங்கிவந்திருக்கிறது. புதிதாக எதையாவது தொடங்குவதற்கு முன்னால் ஏற்கெனவே இருபது முப்பது ஆண்டாக அங்கே வேலை செய்தவர்களிடம் போய் உட்கார்ந்து கேளுங்கள். பாதிக் கேள்விகளுக்கு அவர்களிடம் பதில் இருக்கும்.

போகக்கூடாத பாதை ஒன்றுண்டு: தொப்பூர் கணவாய். தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் போகும் தேசிய நெடுஞ்சாலை 44-ல் நீண்ட சரிவு. பிரேக் பிடிக்காத லாரிகள் வரிசையாக மோதிய விபத்துகளுக்குப் பேர்போன இடம். தனியாக ஓட்டிய அனுபவசாலிகள் "நான் போயிருக்கேன், ஒண்ணும் ஆகல" என்பார்கள். 40 பேரை அதில் இறக்குவது வேறு விஷயம். சேலத்தில் முடிக்க ஆசையிருந்தால் தருமபுரியில் சைக்கிள்களை லாரியில் ஏற்றிவிடுங்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு ரயில். தருமபுரி பெங்களூரு–சேலம் பாதையில் இருக்கிறது. சென்னை–சேலம் பாதையில் இறங்க வேண்டிய நிலையம் மொரப்பூர். ஆனால் சரக்குப் பெட்டியில் பதிவு செய்த சைக்கிளைச் சின்ன நிலையத்தில் ஓரிரு நிமிடத்துக்குள் இறக்குவது சிரமம். சேலத்தில் இறக்கி வண்டியில் கொண்டுவருவதே நிம்மதி.

சாலையில் கிடப்பவை

தை, மாசியில் கிராமச் சாலைகளில் கொள்ளுச் செடியும் கேழ்வரகுக் கதிரும் பரப்பிக் கிடக்கும். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறித் தாள் பிரியட்டும் என்று போட்டிருப்பார்கள். அதன்மேல் சைக்கிளை விட்டால் கொடி சக்கரத்தோடு சுற்றிக்கொண்டு போய்ப் பின் கியரில் சிக்கும். கியர் தொங்கும் சிறு கொக்கி முறிந்தால் அன்றைய பயணம் முடிந்தது, அரூரில் அந்தக் கொக்கி கிடைக்காது. அதோடு, சிதறுவது ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு. இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போங்கள், கையால் கொடியை ஒதுக்கிவிட்டு, பாட்டியிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு. எங்கே போகிறீர்கள் என்று கேட்பார்; பத்து மைல் முன்னாலேயே செய்தி போய்விடும்.

பஞ்சருக்குக் காரணம் பெரும்பாலும் நெருஞ்சியும் சீமைக்கருவேல முள்ளும். டியூபை மாற்றும் முன் டயரின் உட்பக்கத்தைத் துணியால் தடவிப் பாருங்கள், முள் அங்கேயே ஒளிந்திருக்கும். அப்படியே விட்டால் அடுத்த கிலோமீட்டரில் மறுபடி காற்றுப் போகும். உள்ளூர்க் கடைகளில் பழைய சைக்கிள் அளவும் பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள் அளவும்தான் கிடைக்கும். மெல்லிய டயர் வைத்திருப்பவர்கள் ஆளுக்கு இரண்டு டியூப் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும். பிரெஸ்டா வால்வு என்றால் ஊர்ப் பம்பு பொருந்துவதற்குப் பித்தளை மூடி ஒன்று பையில் கட்டாயம்.

குடிநீரில் ஒரு விவரம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதற்காகத்தான் ஜப்பானின் ஜைக்கா நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-ல் செயல்பாட்டுக்கு வந்தது. மூன்று நாளில் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது. இருந்தாலும் போர் தண்ணீரைவிடக் காவிரிக் குழாயைக் கேட்டு நிரப்புங்கள். மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்க வேண்டும், உப்புக் கரைசல் அல்லது உப்புப் போட்ட மோரோடு. ராகிக் களி இந்த ஊரின் சிறப்பு. அதை ராத்திரி வைத்துக்கொள்ளுங்கள். களி தின்றுவிட்டு ஒகேனக்கல் ஏற்றம் ஏறப் பார்த்தவர்கள் பாதி வழியில் புளிய மரத்தடியில் கிடப்பார்கள். காலையில் இட்லி, வழியில் வாழைப்பழமும் கடலை மிட்டாயும் போதும்.

அனுமதியும் பணமும்

மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், முதன்மைக் கல்வி அலுவலர் மூவருக்கும் ஒரு மாதத்துக்கு முன்பே கடிதம். ஒகேனக்கல் காட்டுப் பகுதிக்குத் தருமபுரி வனக்கோட்டம், சிட்லிங்கிப் பக்கத்துக்கு அரூர் வனக்கோட்டம். வழியிலுள்ள காவல் நிலையங்களுக்கு நகலும் கடந்துபோகும் நேரமும். எல்லாருக்கும் விபத்துக் காப்பீடு, ஹெல்மெட், பின்விளக்கு. வரிசையின் கடைசியில் எப்போதும் பழுது பார்க்கத் தெரிந்த ஒருவர், அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக்கூடாது.

பணத்தைத் தனி ஆளின் ஜிபே எண்ணில் வாங்காதீர்கள். எவ்வளவு நல்லவராக இருந்தாலும். அவருடைய வருமானமாகக் கணக்காகலாம், சந்தேகமும் வரும். பதிவு பெற்ற அறக்கட்டளையின் வங்கிக் கணக்கு மட்டும். 80ஜி என்று எல்லாருக்கும் தெரிந்த வரிச்சலுகை 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கத்துக்குக் கிடையாது. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் கிடையாது. இதை முன்பே சொல்லிவிட்டால் மார்ச் மாதம் சண்டை வராது. வெளிநாட்டு உறவினர்களிடம் கேட்கும்போது கடவுச்சீட்டைக் கேளுங்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து தருவது வெளிநாட்டு நன்கொடை அல்ல. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா மகன் தருவது வெளிநாட்டு நன்கொடை. அதற்கென அனுமதி பெற்ற அமைப்பு, டெல்லியில் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில் உள்ள கணக்கில்தான் வாங்கலாம். வாங்கியதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் 2020-க்குப் பிறகு வழியில்லை. ஆடிட்டரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

'கிலோமீட்டருக்கு 100 ரூபாய்' என்று வாக்குக் கொடுத்தவரிடம் பயணம் முடிந்த பிறகு வசூலிப்பது பெரும்பாடு. புறப்படும் முன்பே வாங்கிவிடுங்கள். தூரம் குறைந்தாலும் திருப்பித் தரமாட்டோம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். துண்டறிக்கையில் அதியமானும் நெல்லிக்கனியும் வேண்டாம். இந்த மாவட்டத்தில் வருகிற எல்லா நன்கொடை அறிக்கையிலும் அவர்தான் இருக்கிறார். உங்கள் ஆசிரியரின் பெயரையும் வாத்தியத்தையும் போடுங்கள், அவர் சம்மதத்தோடு.

பள்ளி நிறுத்தம்

பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி, ஓட்டுநர்களுக்கு மாலை போடச் சொல்லி, வரவேற்புப் பாட்டுப் பாட வைக்காதீர்கள். நீங்கள் வருவது ஒரு மணி நேரம் தள்ளித்தான் போகும். சைக்கிள் பயணம் என்றால் அப்படித்தான். இசை வகுப்பு வழக்கமாக நடக்கும் நேரத்துக்குப் போய், பின்னால் தரையில் உட்கார்ந்து இருபது நிமிடம் கேளுங்கள். பாடம் தப்பும் தவறுமாகத்தான் இருக்கும், கைதட்டி நிறுத்தாதீர்கள். கடைசியில் பிள்ளைகள் சைக்கிளைச் சுற்றிக் கூடுவார்கள். கியர் எப்படி மாறுகிறது என்று காட்டுங்கள், ஹெல்மெட்டைப் போட்டுப் பார்க்கக் கொடுங்கள். பெற்றோர் எழுத்தில் சம்மதிக்காத பிள்ளையின் படம் எடுக்க வேண்டாம், பெயரோடு பள்ளியைச் சேர்த்து எங்கும் போட வேண்டாம். பெரியவர் யாரும் தனியாக ஒரு பிள்ளையோடு அறைக்குள் இருக்கக்கூடாது என்ற விதி ஆசிரியருக்கும் விருந்தாளிக்கும் பொது.

பயணத்துக்குப் பிறகு

ஆசிரியருக்கு மாதச் சம்பளம் 5-ஆம் தேதிக்குள் வங்கியில் விழ வேண்டும். மூன்று ஆண்டுத் தொகையையும் பிரித்து வைப்பு நிதியில் போட்டு, மாதம் தேவையானதை மட்டும் எடுக்கும்படி ஏற்பாடு செய்யலாம். பள்ளியில் இரண்டு நோட்டு: ஒன்றில் வகுப்பு நடந்த நாளும் வந்த பிள்ளைகளும், மற்றதில் வாத்தியங்களின் பட்டியலும் ஒவ்வொன்றுக்கும் கடைசியாகத் தோல் மாற்றிய, கம்பி மாற்றிய தேதியும். வாத்தியங்களைப் பூட்டிய பீரோவில் வைக்காமல் வகுப்பறைச் சுவரில் மாட்டி வைக்கக் கேளுங்கள். பறையைப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று அனுமதிப்பது இன்னும் நல்லது. உடையும், அந்தப் பழுதுச் செலவுக்கும் சேர்த்துத்தான் 80,000 ஒதுக்கியது.

வரவு செலவுக் கணக்கை முப்பது நாளுக்குள் தமிழில் ஒரே தாளில் அச்சடித்து நன்கொடையாளர்களுக்கு அனுப்புங்கள், ஒரு பிரதியைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். டீ-ஷர்ட்டுக்கும் மண்டபத்துக்கும் ஆன செலவு எந்தக் கணக்கிலிருந்து போனது என்ற வரியும் அதில் இருக்கட்டும். அடுத்த ஆண்டுப் பயணத்துக்கு ஆள் குறைவது வழக்கம். முதல் ஆண்டு வந்தவர்களில் பாதிப் பேர் திரும்பினால் பெரிது. ஆகவே மூன்று ஆண்டுப் பணத்தையும் முதல் பயணத்திலேயே திரட்டிவிட்டு, அடுத்த பயணத்தை இன்னொரு பள்ளிக்காக நடத்துங்கள். எந்தப் பள்ளி என்பதைப் பழைய பள்ளியின் ஆசிரியரிடம் கேட்டு முடிவு செய்யலாம். பக்கத்து ஊரில் யாருக்கு முகவீணை வாசிக்கத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.